புழுக்கைக் கணக்கு

யூகானின் தலைநகரான வைட்ஹார்ஸிலிருந்து மேற்கே போக ஒரே சாலைதான் உண்டு. அலாஸ்கா நெடுஞ்சாலை என்று பெயர். ஜப்பானியப் படை அலாஸ்காவுக்குள் இறங்கிவிடுமோ என்ற பதற்றத்தில், 1942இல், அமெரிக்க ராணுவம் எட்டே மாதங்களில் காட்டை வெட்டிப் போட்ட பாதை இது. இப்போது நல்ல சாலையாகிவிட்டது. ஆனாலும் அடியில் இருக்கும் உறைநிலம் கோடையில் இளகுவதும் குளிரில் விம்முவதுமாக, தார்ப்பரப்பை ஆங்காங்கே அலை அலையாக்கி வைத்திருக்கிறது. வண்டி அந்த அலைகளில் ஏறி இறங்கும்போது பேச்சு தானாக நின்றுவிடும். ஜன்னலுக்கு வெளியே ஸ்ப்ரூஸ் மரங்கள், ஆஸ்பென் மரங்கள், வில்லோ புதர்கள், மறுபடியும் ஸ்ப்ரூஸ். ஜூன் மாதம் என்பதால் இரவு பதினொரு மணிக்கும் புத்தகம் படிக்கலாம்.

இந்தச் சாலையில் வருகிறவர்கள் பொதுவாக மலை பார்க்க வருகிறார்கள். கனடாவின் மிக உயர்ந்த சிகரமான லோகன் மலை, 5,959 மீட்டர், இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் வந்தது முயலை எண்ணுகிறவர்களைப் பார்க்க.

அலாஸ்காவில் தொடங்கி அட்லாண்டிக் கரையின் நியூஃபவுண்ட்லாந்து வரை நீளும் போரியல் காடு முழுவதும் வாழும் முயலுக்கு ஸ்னோஷூ முயல் என்று பெயர். ஒன்றரைக் கிலோ எடை. உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய பின்னங்கால்கள், மென்பனியில் புதையாமல் அதை ஓடவைக்கின்றன. கோடையில் பழுப்பாகவும் குளிர்காலத்தில் வெள்ளையாகவும் இருக்கும். காதின் நுனி மட்டும் எந்தப் பருவத்திலும் கறுப்பு. ஏறத்தாழப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை இதன் தொகை பெருகி உச்சிக்குப் போகிறது, போனதும் சரிகிறது. உச்ச ஆண்டில் ஒரு ஹெக்டேருக்கு இரண்டு, மூன்று முயல்கள் இருக்கும். சரிந்த பிறகு பத்து ஹெக்டேரைச் சலித்தாலும் ஒன்று அகப்பட்டால் அதிர்ஷ்டம். இந்த ஏற்ற இறக்கத்தை க்ளுவேன் ஏரிப் பகுதியில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து ஆண்டு தவறாமல் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த ஏரிக்குப் போகும் வழியில் பாதிக்கும் மேலான தூரம் கடந்ததும் ஹெய்ன்ஸ் ஜங்ஷன் வருகிறது. சில நூறு பேர் வாழும் ஊர். பின்னணியில் பனி மூடிய மலைச்சுவர். ஊரில் ‘டா கூ’ என்ற பண்பாட்டு மையத்தை ஷாம்பேன், ஐஷிஹிக் பூர்வகுடியினர் நடத்துகிறார்கள். தெற்கு டட்சோனி மொழி பேசும் இவர்களுக்கு முயலின் ஏற்ற இறக்கத்தை எந்த விஞ்ஞானியும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரிய மிருகம் கிடைக்காத நாட்களில் சோறு போட்டது முயல்தான். அது போகும் தடத்தில் கண்ணி வைப்பது பெண்களும் பிள்ளைகளும்கூடச் செய்யக்கூடிய வேட்டை. தோலை நீள நாடாவாக அறுத்து, முறுக்கி, பின்னிப் போர்வையாக்குவது வடக்குக் காட்டு மக்கள் பலருக்கும் பொதுவான கைவேலை. எடையே இல்லாத போர்வை. ஆனால் எலும்பு உறையும் குளிரைத் தாங்கும். ஒரு போர்வைக்கு எத்தனையோ முயல்கள் வேண்டும். ஆகவே பெருகிய ஆண்டில்தான் அது நடக்கும்.

முயலை மட்டுமே நம்பி வாழ முடியாது என்பதையும் இந்த மக்கள் அறிந்திருந்தார்கள். அதன் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. வேறெதுவும் இல்லாமல் அதையே தின்றால் வயிறு நிறைந்தபடியே உடல் நலியும். வடக்கே வந்த வெள்ளையர்கள் இதற்கு ‘முயல் பட்டினி’ என்றே பெயர் வைத்தார்கள்.

ஹெய்ன்ஸ் ஜங்ஷனைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் சாலை இறங்கி வளைகிறது. க்ளுவேன் ஏரி விரிகிறது. பால் கலந்த நீலம். அதன் தென்முனையில் வெறிச்சோடிய மணல்வெளி. அந்த இடத்தில்தான் ஸ்லிம்ஸ் ஆறு ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்தது; பூர்வகுடியினர் அதை ‘ஆய் சூ’ என்பார்கள். 2016இல் காஸ்காவுல்ஷ் பனியாறு பின்வாங்கியதில் உருகுநீர் வேறு பள்ளத்தாக்குக்குத் திரும்பிவிட்டது. பேரிங் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் சில நாட்களுக்குள் பசிபிக் பெருங்கடல் பக்கம் பாயத் தொடங்கியது. ஏரி மட்டம் தாழ்ந்தது. காய்ந்த ஆற்றுப்படுகையிலிருந்து காற்று கிளப்பும் புழுதி, வெயில் நாளிலும் எதிர்மலையை மறைக்கிறது. இயற்கையின் சில மாற்றங்கள் ஒரு வாரத்தில் நடந்து முடிகின்றன. அவற்றைப் பார்க்க அங்கே ஆள் இருந்தால் போதும். முயலின் மாற்றம் அப்படிப்பட்டதல்ல.

க்ளுவேன் ஏரி ஆய்வு நிலையம் கரையோரம் இருக்கிறது. 1961இல், மலைமேல் இருக்கும் மாபெரும் பனிவெளிகளை ஆராய்வதற்காக, வட அமெரிக்க ஆர்க்டிக் கழகம் இதைத் தொடங்கியது. சரளைக்கல் ஓடுதளம், மரக் குடில்கள், ஒரு பொதுச் சாப்பாட்டுக்கூடம். பனியாற்றை அளக்க வந்தவரும் அணிலுக்குப் பட்டை கட்ட வந்தவரும் ஒரே மேசையில் சூப் குடிக்கிறார்கள். சுவரில் வரைபடங்கள், வாசலில் வரிசையாகச் சேறு படிந்த காலணிகள். கரடியைப் பற்றிய பேச்சு, நம் ஊர்களில் மழையைப் பற்றிப் பேசுவதைப்போல, அக்கறையோடும் அச்சமில்லாமலும் நடக்கிறது.

அன்று மாலை அந்த மேசையில்தான் முயல் கணக்கின் பழைய கதையைக் கேட்டேன். அந்தக் கதை காட்டில் தொடங்கவில்லை. ஒரு வணிகக் கம்பெனியின் பேரேட்டில் தொடங்குகிறது.

1670இல் ஆங்கிலேய அரசரிடம் பட்டயம் வாங்கிய ஹட்சன் விரிகுடா கம்பெனி, கனடாவின் வடக்கு முழுவதும் தோல் வாங்கிக் குவித்தது. எந்தக் கிடங்குக்கு எந்த ஆண்டில் எத்தனை தோல் வந்தது என்று எழுதி வைத்தது. லின்க்ஸ் என்பது முயலையே பெரிதும் நம்பி வாழும் காட்டுப்பூனை. காதுநுனியில் கறுப்புக் குஞ்சமும் அகன்ற பாதமும் உடையது. அதன் தோல் கணக்கு சில பகுதிகளுக்கு 1821 முதல் கிடைக்கிறது. அந்த எண்களை வரைபடமாக்கினால் பத்தாண்டுக்கு ஒரு கோபுரமாக எழும்பி எழும்பி விழுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இளைஞராக இருந்த சார்ல்ஸ் எல்டன் இந்த ஏற்ற இறக்கத்தால் ஈர்க்கப்பட்டு 1924இல் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு கம்பெனிக்கே ஆலோசகரானார். 1942இல் மேரி நிக்கல்சனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட லின்க்ஸ் கணக்கு இன்றும் புள்ளியியல் மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்காக இருக்கிறது.

ஆனால் தோல் கணக்கு என்பது விலங்குக் கணக்கு ஆகாது. விலை ஏறினால் வேட்டைக்காரர் அதிகம் போவார். ஊரில் அம்மை வந்தால் ஒருவரும் போகமாட்டார். இதை உணர்ந்த எல்டனும் அவருடைய சகா டென்னிஸ் சிட்டியும் 1931 முதல் 1948 வரை கனடா முழுவதும் கேள்வித்தாள் அனுப்பினார்கள். கம்பெனிக் கிடங்கு அலுவலர், காவலர், பாதிரியார் என யாரெல்லாம் வடக்கே இருந்தார்களோ அவர்களிடம், உங்கள் பக்கம் முயல் போன ஆண்டைவிட அதிகமா, குறைவா, அதேதானா என்று கேட்டார்கள். பதில்களை ஆண்டுதோறும் வரைபடத்தில் குறித்தார்கள். கண்டம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றாக மூச்சுவிடுவது அதில் தெரிந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டபோதுதான் சண்டை வந்தது. சூரியப் புள்ளிகள்தான் காரணம் என்றார்கள் சிலர். எல்டனே தொடக்கத்தில் வானிலையையும் சூரியனையும் சந்தேகித்தவர். 1930களில் மினசோட்டாவில் செத்த முயல்களை அறுத்துப் பார்த்தவர்கள், நெருக்கத்தில் வரும் ஒருவகை அதிர்ச்சி நோய் என்றார்கள். இரையும் கொன்றுண்ணியும் ஒன்றையொன்று துரத்துவதுதான் முழுக்கதை என்று கணிதக்காரர்கள் இரண்டு சமன்பாட்டை எழுதினார்கள். 1960களில் ஆல்பர்ட்டாவில் லாய்ட் கீத், முதலில் குளிர்காலத் தீவனம் தீர்கிறது, பிறகு கொன்றுண்ணிகள் மிச்சத்தை முடிக்கின்றன என்றார். அவரவர் பிடித்த முயலுக்கு அவரவர் மூன்று கால் எண்ணினார்கள். ஒவ்வொருவரிடமும் நல்ல ஆதாரம் இருந்தது என்பதுதான் சிக்கல். மூன்று ஆண்டு பார்த்தவருக்கு மூன்று ஆண்டின் உண்மை கிடைத்திருந்தது. பத்தாண்டுச் சுழற்சியில் அது பாதிகூட இல்லை.

மறுநாள் காலை புழுக்கை எண்ணப் போனோம்.

களப்பணிக்கு என்னைக் கூட்டிப்போனவர் முப்பதைத் தாண்டாத பெண். இடுப்பில் கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பான், கழுத்தில் திசைகாட்டி, தோளில் ஒரு மரச்சட்டம். காட்டுக்குள் நுழைந்ததும் சத்தமாகப் பேசத் தொடங்கினார். திடீரென்று கரடிமேல் போய் மோதாமல் இருக்க அதுதான் வழியாம். காலடியில் பாசியும் லைக்கனும் மெத்தென்று அமுங்கின. கொசுக்கள் எங்கள் வரவை எதிர்பார்த்துக் காத்திருந்தன.

ஆய்வுக்கட்டம் ஒன்றின் பரப்பு சுமார் 36 ஹெக்டேர். அதற்குள் நிரந்தரமாக அடையாளமிட்ட எண்பது சிறு பட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 5.08 செ.மீ. அகலம், 305 செ.மீ. நீளம், பழைய அளவில் இரண்டு அங்குலத்துக்குப் பத்தடி. சட்டத்தை அடையாளக் குச்சிகளுக்கு நடுவே படுக்கவைத்து, பாசியை விலக்கி, உள்ளே கிடக்கும் முயல் புழுக்கைகளை எண்ண வேண்டும். எண்ணியதும் பொறுக்கி வெளியே எறிந்துவிட வேண்டும். ஆக, அடுத்த ஜூனில் அங்கே கிடப்பது முழுக்க இந்த ஓராண்டின் கணக்கு. முயல் ஒன்று நாளொன்றுக்குச் சில நூறு புழுக்கை போடும். இந்தக் குளிர்ந்த உலர்ந்த நிலத்தில் அவை லேசில் மக்குவதில்லை. ஆட்டுப் புழுக்கையைவிட வெளிறியவை, சற்றே தட்டையானவை, நார் நிறைந்தவை. கையில் எடுத்தால் மரத்தூள் உருண்டைதான். வாடை இல்லை.

இதைப் பார்த்து முயல்தொகையைச் சொல்ல முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்க்கத்தான் கம்பிவலைக் கூண்டுப் பொறிகள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அல்ஃபால்ஃபா தீவனமும் ஆப்பிள் துண்டும் வைத்து முயலைப் பிடிக்கிறார்கள். காதில் எண் பொறித்த வில்லை மாட்டுகிறார்கள். எடை, பால், பின்பாதத்தின் நீளம் குறித்துவிட்டு விடுகிறார்கள். அடுத்த முறை பிடிபடுவதில் வில்லை உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்பதிலிருந்து காட்டின் மொத்தத்தைக் கணக்கிடலாம். இந்தக் காட்டை ஆராய்ந்துவந்த சார்ல்ஸ் கிரெப்ஸும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளின் பொறிக் கணக்கையும் புழுக்கைக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்து, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1987இல் வெளியிட்டார்கள். பொறி வைக்கப் பணமும் ஆளும் வேண்டும். புழுக்கைக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்து குனிந்தால் போதும். அன்றிலிருந்து வட அமெரிக்காவின் பல காடுகளில் இதுவே நடைமுறை.

நான் போனது பள்ள ஆண்டு. முந்தைய உச்சம் 2016, 2017 வாக்கில் வந்து போய், சரிவும் முடிந்து, அடியில் கிடந்த காலம். முதல் பட்டையில் சுழி. இரண்டாவதில் சுழி. மூன்றாவதில் இரண்டு புழுக்கை. பிறகு நீண்ட நேரம் சுழி. ஒவ்வொரு சுழியையும் அவர் பென்சிலால் அழுத்தி எழுதினார். வெறுமையாக விடக்கூடாதா என்றேன். “வெறுமையாக விட்டால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம், சுழி போட்டால் பார்த்தோம், இல்லை என்று அர்த்தம்” என்றார். அந்த நடையில் ஒரு முயல்கூட எங்கள் கண்ணில் படவில்லை. வில்லோ புதர்களில் மட்டும் பழைய பசியின் தடயம் இருந்தது. விரல்பருமன் கிளைகள் கத்தியால் வெட்டியதுபோல் சாய்வாக நறுக்கப்பட்டு, பக்கத்திலேயே புதிய தளிர்கள் தடித்து வளர்ந்திருந்தன. உச்ச ஆண்டின் குளிர்காலத்தில் கடித்தவை. கடிபட்ட உயரம் என் இடுப்பளவு இருந்தது; அன்று பனிமேல் நின்று எட்டிக் கடித்திருக்கின்றன.

முயல் தின்ற தடம் மரத்தின் உள்ளேயும் இருக்கிறது. அதைக் கொண்டு, சூரியப் புள்ளிகள்தான் காரணம் என்ற பழைய கருத்தை 1990களில் சிலர் மறுபடி கையில் எடுத்தார்கள். முயல் கடித்த ஆண்டில் ஸ்ப்ரூஸ் மரத்தின் வளையத்தில் கரும்புள்ளி விழும். அதை வைத்து இரண்டு நூற்றாண்டுக்கும் மேலான சுழற்சியைப் படித்தார் ஆண்டனி சின்க்ளேர். காட்டில் ஒருவரும் எண்ணாத காலத்தையும் மரம் எண்ணி வைத்திருந்தது. ஆனால் மரவளையம் எப்போது என்று சொல்லும். எதனால் என்று சொல்லாது.

எதனால் என்று கேட்க, காட்டையே சோதனைக்கூடமாக்க வேண்டியிருந்தது. 1986 முதல் 1996 வரை, அதாவது ஒரு சுழற்சி முழுவதும், கிரெப்ஸ், ஸ்டான் பூட்டின், ரூடி பூன்ஸ்ட்ரா முதலியோர் க்ளுவேன் காட்டில் செய்தது அதைத்தான். ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர் என்று காட்டைப் பகுத்தார்கள். சிலவற்றில் முயலுக்கு மூட்டை மூட்டையாகத் தீவனம் போட்டார்கள். சிலவற்றில் விமானத்திலிருந்து உரம் தூவிச் செடி கொடிகளை வளரவைத்தார்கள். சிலவற்றைச் சுற்றி மின்வேலி போட்டு லின்க்ஸையும் கொயோட்டியையும் வெளியே நிறுத்தினார்கள். வேலி பருந்தையும் ஆந்தையையும் தடுக்காது. அதற்காக ஒரு பகுதியின்மேல் தூண்டில் நரம்பு கட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் வேலியும் உண்டு, தீவனமும் உண்டு. மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில், நீண்ட இருட்டில், பனி மூடிய மின்கம்பியைச் சரிபார்த்துக்கொண்டு நடந்தவர்களின் உழைப்பு ஆய்வறிக்கையின் ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டது. உச்சத்திலும் சரிவிலும், வெறுங்காட்டோடு ஒப்பிட்டால், வேலி மட்டும் போட்ட இடத்தில் முயல் இரண்டு மடங்கு; தீவனம் மட்டும் போட்ட இடத்தில் மூன்று மடங்கு; இரண்டும் செய்த இடத்தில் பதினொரு மடங்கு.

இரண்டும் மூன்றும் கூடினால் ஐந்து, பெருக்கினால் ஆறு, கிடைத்ததோ பதினொன்று. பசியும் பயமும் தனித்தனிக் காரணங்களாக இயங்கவில்லை, ஒன்று மற்றொன்றை முறுக்குகிறது என்பதுதான் இதன் பொருள். பசித்த முயல் மறைவை விட்டு வெளியே வருகிறது; வந்தது பிடிபடுகிறது. கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய முயல்கள் செத்தபோது ஓடிப் போய்ப் பார்த்ததில், பட்டினியால் மட்டும் செத்தவை மிகக் குறைவு. மிகப் பெரும்பான்மையை ஏதோ ஒன்று கொன்றிருந்தது. பிறந்த சில நாட்களான குட்டிகளைக் கொன்றவற்றில் முதன்மையானவை செவ்வணிலும் தரையணிலும். நம் கதைகளில் அணிலுக்கு இருக்கும் நல்ல பெயர் இந்தக் காட்டில் செல்லாது. முயலும் சைவம் என்று சொல்வதற்கில்லை. செத்த முயலையும், அதைக் கொல்லும் லின்க்ஸின் பிணத்தையும்கூட, குளிர்காலத்தில் முயல்கள் கொறித்துத் தின்பதை இங்கே வைத்த தானியங்கிக் கேமராக்கள் பிடித்தன. 2018இல் அது வெளியானது.

முயல் சரிந்த உடனே லின்க்ஸ் குறைவதில்லை; ஓரிரு ஆண்டு தாமதமாகத்தான் குறைகிறது. வருமானம் நின்ற பிறகும் சில மாதம் பழைய செலவு ஓடும் வீட்டைப்போல. அந்தத் தாமதத்தில்தான் முயல் அடிமட்டத்துக்குப் போகிறது. பிறகு லின்க்ஸுகள் பட்டினி கிடக்கின்றன, குட்டி போடுவதை நிறுத்துகின்றன, அல்லது ஊரைவிட்டுக் கிளம்பி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து போய்விடுகின்றன. இங்கே தொடங்குகிறது கடினமான கேள்வி. கொன்றுண்ணிகள் போய்விட்டன. கடிபட்ட வில்லோ தளிர்த்துவிட்டது. வேகமாகப் பெருகக்கூடிய பிராணி வேறு. நல்ல ஆண்டில் ஒரு பெண்முயல் ஒரே கோடையில் மூன்று, நான்கு ஈற்றில் பதினெட்டுக் குட்டிவரை போடும். ஆனாலும் பள்ளம் இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு ஆண்டு நீடிக்கிறது. ஏன்?

சரிவுக் காலத்தில் ஒரு பெண்முயல் ஓராண்டில் போடுவது ஏழெட்டுக் குட்டிதான். பூன்ஸ்ட்ரா இதற்குப் பின்னால் அச்சம் இருக்கிறது என்றார். இதைச் சோதிக்க உதவியதும் புழுக்கைதான். முயலின் உடலில் அச்சத்தின்போது சுரக்கும் கார்ட்டிசாலின் சிதைபொருள் புழுக்கையில் வெளியேறுகிறது. முயலைப் பிடிக்காமல், ஊசி போடாமல் அதை அளந்துவிடலாம். கொன்றுண்ணிகள் பெருகிய ஆண்டில் அந்த அளவு ஏறியது. மைக்கேல் ஷெரிஃப் ஒரு படி மேலே போய், சினைப்பட்ட முயல்களை அடைப்பில் வைத்து, பழக்கிய நாய் ஒன்றை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓரிரு நிமிடம் மட்டும் உள்ளே நடக்கவிட்டார். நாய் எதையும் தொடவில்லை. அச்ச அளவு ஏறிய தாய்களில் கரு கலைந்தவையும் செத்த குட்டி ஈன்றவையும் இருந்தன. பிழைத்த குட்டிகள் எடை குறைவாகப் பிறந்தன. 2009இல் வந்த இந்த முடிவைத் தொடர்ந்து, தாயின் அச்சம் மகளுக்கும் போகிறது என்ற சான்றும் வந்தது. லின்க்ஸ் இல்லாத காட்டில் பிறந்த முயல், லின்க்ஸ் இருந்த காலத்தின் உடம்போடு வாழ்கிறது. பள்ளம் நீள்வதற்கு இது முழு விடையா என்ற வாதம் தொடர்கிறது. ஆனால் சண்டையின் தன்மை மாறிவிட்டது: எது காரணம் என்று கேட்டவர்கள் இப்போது எந்தக் கட்டத்தில் எது எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

அன்று பிற்பகல் நாங்கள் எண்ணிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வேறொரு குழுவினர் ஸ்ப்ரூஸ் கூம்புகளை எண்ணும் மரங்களைக் காட்டினார்கள். முயல் மட்டும் போதாது என்பது பத்தாண்டுத் திட்டம் கற்றுத்தந்த பாடம். 2005 முதல் க்ளுவேன், மேயோ, ஃபாரோ, வாட்சன் லேக், வைட்ஹார்ஸ் ஆகிய இடங்களில் ஒரே முறையில் கூம்பு, காட்டுப்பழம், காளான், எலி, அணில், முயல் என்று எல்லாவற்றையும் கணக்கெடுக்கிறார்கள். குளிர்காலத்தில் பனியில் லின்க்ஸ் தடம் எண்ணுகிறார்கள். இப்படிப் பல இடங்களைச் சேர்த்துப் பார்த்ததில், உச்சம் எல்லா இடத்திலும் ஒரே ஆண்டில் வருவதில்லை, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடபகுதியிலிருந்து யூகான் வழியாக அலாஸ்காவை நோக்கி ஓர் அலையாக நகர்கிறது என்பது புலப்பட்டது. ஒரே இடத்தில் எத்தனை ஆண்டு எண்ணியிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

ஓரிடத்து உண்மையை இன்னோரிடத்தில் ஒட்டிவைக்க முடியாது என்பதற்கு இன்னொரு சாட்சியும் இந்தக் காட்டில் கிடைத்தது. முயலின் நிறம் மாறுவது பகல்பொழுதின் நீளத்தைப் பார்த்து. பனி விழுவதைப் பார்த்து அல்ல. பூமி சூடாகி, பனி தாமதித்தால், பழுப்புத் தரையில் வெள்ளை முயல் பளிச்சென்று நிற்கும். மான்டனாவில் ஸ்காட் மில்ஸ் குழுவினர், அப்படி நிறம் பொருந்தாத முயல்கள் கூடுதலாகச் சாவதைக் காட்டினார்கள். உலகமெங்கும் அந்தப் படம் போனது. அதே கேள்வியை க்ளுவேனில் கேட்டபோது, இலையுதிர் காலத்தில் முன்கூட்டி வெளுத்த முயல்கள் நன்றாகவே பிழைத்தன என்று 2023இல் முடிவு வந்தது. வெள்ளைக் குளிர்காலக் கம்பளி கதகதப்பானது; குளிரில் அதை அணிந்த முயல் குறைவாகத் தின்றால் போதும், குறைவாக வெளியே வந்தால் போதும். மறைவில் இழந்ததை வெப்பத்தில் ஈடுகட்டியது. மான்டனாவின் கணக்கும் சரி, யூகானின் கணக்கும் சரி. இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவர்தான் தவறாகப் புரிந்துகொள்வார்.

மாலையில் சாப்பாட்டுக்கூடத்தில் அன்றைய தாள்களைக் கணினியில் ஏற்றினார்கள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டினார். சுழி, சுழி, சுழி, ஒன்று, சுழி. திரையில் மேலே உருட்டினால் பழைய ஆண்டுகள் வந்தன: 1998இன் உச்சம், 2006இன் தாழ்ந்த உச்சம், இடையில் பள்ளங்கள். வாசித்தவர் பிறப்பதற்கு முன்னால் வேறு யாரோ இதே காட்டில் குனிந்து எண்ணியவை அந்த வரிசையின் தொடக்கத்தில் இருந்தன.

ஆய்வு நிதி மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். நல்ல காலமாக இருந்தால் ஐந்து. முனைவர் பட்டமும் அந்த அளவில்தான் முடியும். முயலோ பத்தாண்டு கேட்கிறது. ஒரு சுழற்சியைப் பார்த்தவரால் அது சுழற்சி என்றே சொல்ல முடியாது. இரண்டைப் பார்த்தால் தற்செயலா என்ற சந்தேகம் இருக்கும். ஐந்து சுழற்சி பார்க்க ஒருவரின் பணிக்காலம் முழுவதும் தேவை. 1936இல் பிறந்த கிரெப்ஸ் தம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தக் காட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்ததற்குக் காரணம், தேவையான எண்கள் அப்போதுதான் சேர்ந்திருந்தன. இந்த வேலையில் மேதைமை அரிதாகத்தான் தேவைப்படுகிறது. ஒவ்வொரு ஜூனிலும் ஒருவர் வர வேண்டும் என்பது எப்போதும் தேவைப்படுகிறது. விட்டுப்போன ஆண்டைப் பிறகு எந்தப் பணம் கொடுத்தும் எண்ண முடியாது.

அண்மைக்கால உச்சங்கள் சில முந்தைய உயரத்தை எட்டவில்லை. வெப்பமா, மாறும் பனியா, கூடும் கொன்றுண்ணியா, அல்லது இதுவும் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் இன்னும் பெரிய அலையின் ஒரு பகுதியா? லின்க்ஸும் ஆந்தையும் பருந்தும் மட்டுமல்ல, முயலுக்கு மாற்றாக அவற்றுக்கு இரையாகும் அணிலும் காட்டுக்கோழியும்கூட இந்த எண்ணைப் பொறுத்தே வாழ்கின்றன. கண்ணி வைத்துப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இன்னும் இரண்டு உச்சங்களாவது பார்த்தால்தான் திடமாகச் சொல்லலாம் என்றார் களப்பணிப் பெண். அப்போது அவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். சொல்லிவிட்டு, மறுநாள் எண்ண வேண்டிய பட்டைகளின் பட்டியலை அச்செடுக்கப் போனார்.